பரிசீலனையில் ஒரு பேட்ஜர் பிரஷ்

அவசரப்பட்டு எடுத்த முடிவுகளால் சரிந்த சாம்ராஜ்யங்கள் சரித்திரத்தில் ஏராளம். பரிசீலித்துக்கொண்டே இருந்ததால் சரிந்த சாம்ராஜ்யம் ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம்! காட்ட முடியாது. அது இன்னும் சரியலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்.

இந்த மகத்தான உண்மையைக் கண்டுகொண்டவர் நம் கொள்முதல் அதிகாரி. கம்பெனியில் அவருக்கு முன்னால் 'சார்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் 'பரிசீலனை'. சாப்பாட்டு அறைக்கு மின்விசிறி வேண்டுமென்று கோடையில் ஊழியர்கள் கேட்டார்கள். இறக்கையின் நீளம் முதல் சுற்றும் திசை வரை அவர் ஆராய்ந்து முடிப்பதற்குள் குளிர்காலமே வந்துவிட்டது. விசிறி தேவைப்படவில்லை. இந்தச் சாதனையை மெச்சி நிர்வாகம் ஒரு கேடயம் வழங்கியது. அதை யாரோ பரிசீலிக்காமல் வாங்கியிருக்க வேண்டும், முலாம் சீக்கிரமே உரிந்துவிட்டது.

அப்பேர்ப்பட்டவர் வீட்டிலேயே ஒரு கொள்முதல் பிரச்சினை முளைத்தது.

அவருடைய அப்பா ஓய்வுபெற்ற ரயில் கார்டு. விடியற்காலை வண்டியானாலும் மழித்த முகத்தோடுதான் கொடி பிடித்தவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, வாயும் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. இடது கையால் மழிக்கப் போய்க் கன்னத்தைக் கிழித்துக்கொண்ட பிறகு, தாடி தன் இஷ்டத்துக்கு வளர்ந்தது.

"ஞாயித்துக்கிழமை என்ஜின்காரன் வர்றான்டா," என்றார் அப்பா, குழறிக் குழறி. அவரோடு ஒரே வண்டியில் காலம் தள்ளிய என்ஜின் டிரைவர், உயிர் நண்பர். "அதுக்குள்ள எனக்கு ஷேவ் பண்ணி விட்டுடு. இந்தக் கோலத்துல அவன் என்னைப் பாக்கக் கூடாது."

"நான் பண்ணி விடட்டுமா மாமா?" என்றாள் மருமகள்.

"மகன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், மருமக கையாலயா?" என்றார் பரிசீலனை.

"அப்ப சலூன்காரரை வீட்டுக்கு வரச் சொல்லுங்க."

"பெத்த அப்பாவுக்குச் செய்யறதைக் கூலிக்கு விடறதா? நானே பண்றேன். ஆனா பிரஷ் நல்லதா இருக்கணும். அவர் தோல் இப்ப வெங்காயச் சருகு மாதிரி இருக்கு."

எப்பேர்ப்பட்ட பாசம் பாருங்கள்! மனைவி குளியலறையிலிருந்து அவருடைய சொந்த பிரஷ்ஷையே எடுத்துவந்து காட்டினாள்.

"பன்னி முடி!" என்று பதறினார் அவர்.

"இத்தனை வருஷமா நீங்க இதாலதானே பண்ணிக்கறீங்க?"

"என் முகம் வேற, அப்பா முகம் வேற."

இணையத்தில் துழாவியபோதுதான் 'பிரீமியம் பேட்ஜர்' பிரஷ் கண்ணில் பட்டது. விலையைப் பார்த்தால் தாடியே தேவலை என்று தோன்றும். இவ்வளவு கொடுத்து வாங்கத் தகுமா? மறுநாள் மதியம், விசிறியில்லாத அந்தச் சாப்பாட்டு அறையில் 'உயர்மட்டக் கலந்தாய்வு' கூடியது. கணக்கரும் ஸ்டோர் கீப்பரும் உறுப்பினர்கள்.

"பேட்ஜர்னா என்ன சார்?" என்றார் கணக்கர்.

"வளை தோண்டி அதுக்குள்ள குடியிருக்கிற பிராணி. கரடிக்கும் கீரிக்கும் நடுவுல வெச்சுக்குங்க."

"அது ஷேவ் பண்ணிக்குமா சார்?"

"பண்ணிக்காது."

"தனக்கே உபயோகப்படாத முடியை நமக்கு எப்படி சார் சிபாரிசு பண்றாங்க?"

சபை இந்தக் கேள்வியைக் குறிப்பேட்டில் பதிவு செய்துகொண்டது.

"செயற்கை நார்ல மலிவாக் கிடைக்குதே சார்," என்றார் ஸ்டோர் கீப்பர்.

"மலிவுன்னா ஏன் மலிவுன்னு விசாரிக்கணும். விலை ஜாஸ்தின்னா ஏன் ஜாஸ்தின்னு விசாரிக்கணும்."

"நடுத்தர விலையா இருந்தா சார்?"

"அதுதான் ரொம்ப சந்தேகம்."

விஷயம் 'அடுத்த அமர்வுக்கு' ஒத்திவைக்கப்பட்டது. அதற்கடுத்த அமர்வுக்கும்.

"என்னடா ஆச்சு?" என்று தினமும் சாயங்காலம் அறையிலிருந்து அப்பாவின் குரல் வரும்.

"பரிசீலனையில இருக்குப்பா!" என்று கூடத்திலிருந்தே மகன் பதில் சொல்வார்.

அப்பா படுத்த நாளிலிருந்து அவர் காட்டிவந்த 'மரியாதை' அது. கிட்டே போய்த் தொந்தரவு செய்வதில்லை. கோணிய வாயோரம் எச்சில் வழியும். அதைத் துடைக்க மட்டும் மருமகள் கை ஆகும். மருந்து புகட்டவும் ஆகும். நலம் விசாரிக்கிற பெரும் பொறுப்பை மகன் தனியாகச் சுமந்தார்.

சனிக்கிழமை கடைக்கே போய்விட்டார். கடைக்காரர் பேட்ஜர் பிரஷ்ஷை நனைத்து, அவர் புறங்கையில் ஒரு சுழற்று சுழற்றினார்.

"எப்படி சார்?"

"மெத்துனுதான் இருக்கு. ஆனா இந்த விலைக்குத் தகுமா?"

"தண்ணிய நல்லாப் பிடிச்சு வெச்சுக்கும் சார். நுரை தானா பொங்கும். விரலால முகத்தைத் தொடவே வேண்டாம்."

"தொடவே வேண்டாமா?"

"சுத்தமா வேண்டாம்."

"பில் போடுங்க," என்றார் பரிசீலனை.

கொள்முதல் உலகமே அதிர்ந்திருக்க வேண்டிய வேகம்! ஆனால் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்ததும் லேசாக ஒரு வாடை அடித்தது. புது பேட்ஜர் முடிக்கு அது சகஜம்தானாம், சில தடவை நுரைத்துக் கழுவினால் போய்விடுமாம். அப்பா விஷயத்தில் குறை வைக்கலாமா? ஞாயிறு காலை குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். நுரைத்தார், கழுவினார், முகர்ந்து பார்த்தார். மறுபடி நுரைத்தார்.

அந்த நேரம் பார்த்து என்ஜின்காரர் வந்து சேர்ந்தார்.

நண்பரின் குரல் கேட்டதும் அப்பா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். என்ஜின்காரர் கட்டில் மேலேயே உட்கார்ந்து போர்வையை விலக்கினார். அப்பாவுக்கு அழுகை வந்துவிட்டது, அவருக்கும்தான்.

"அம்மாடி," என்றார் மருமகளைப் பார்த்து, "கொஞ்சம் வெந்நீர், ஒரு சோப்பு, ஒரு ரேசர் கொண்டா."

குளியலறைக் கதவைத் தாண்டிச் சிரிப்புச் சத்தம் கேட்டபோதுதான் பரிசீலனை வெளியே வந்தார். ஒரு கையில் பிரஷ், மறு கையில் நுரை பொங்கும் கிண்ணம். அப்பாவின் அறை வாசலுக்கு வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

உள்ளே, அப்பாவின் தலை என்ஜின்காரர் நெஞ்சில் சாய்ந்திருந்தது. உள்ளங்கையில் குழைத்த சோப்பை அவர் கடைசியாக மோவாயில் தேய்த்துக்கொண்டிருந்தார். வாயோரம் எச்சில் வழிந்தது. கட்டை விரலால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

"அசையாதடா. இன்னிக்கு நீ கார்டு இல்ல, பாசஞ்சர்."

ரேசர் இரண்டு இழுப்பு இழுத்தது. முகம் பளிச்சென்று ஆனது.

"பிரஷ் இல்லாமயா பண்ணீங்க மாமா?" என்றார் வாசலில் நின்றவர், திடுக்கிட்டு.

"கைதான் இருக்கேப்பா," என்றார் என்ஜின்காரர்.

"இது பிரீமியம் பேட்ஜர் மாமா. எவ்வளவு விசாரிச்சு வாங்கினேன் தெரியுமா? வாடைகூடப் போயிடுச்சு."

பிரஷ்ஷை உள்ளே நீட்டினார். நடுவில் இருந்த மனைவி எட்டி வாங்கி மாமனாரிடம் கொடுத்தாள். அப்பா இடது கையால் அதைப் பிடித்து, மழித்த கன்னத்தில் மெதுவாக ஒரு தடவை தடவிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்படிப்பா இருக்கு? குடுத்த விலைக்குத் தகுமா?"

"நல்ல சாமான்தான்டா. மெத்துனு இருக்கு," என்றார் அப்பா. "கைப்பிடிதான் குட்டையாப் போச்சு. இன்னும் கொஞ்சம் நீளமா இருந்திருந்தா, நீ அங்க நின்னுக்கிட்டே எனக்குப் போட்டு விட்டிருக்கலாம்."