எட்டு மில்லிமீட்டர் அதிகம்

அன்பும் நம்பிக்கையும் அளவுக்கு மேல் கொண்ட மைத்துனருக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் வீட்டில் அனைவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே நானும் உங்கள் அக்காவும் படிவம் எண் ஏழைத் தவிர மற்ற எல்லா வகையிலும் சௌக்கியம்.

நான்கு மாதத்துக்கு முன் தொலைபேசியில் நீங்கள் சொன்னதை அன்றே குறித்து வைத்தேன். "அக்கா பேர்ல காரை வாங்குங்க அத்தான். கால் முடியாதவங்களுக்கு வரியில பாதி சலுகை. ஒரே ஒரு கையெழுத்து, வேலை முடிஞ்சுது" என்றீர்கள். இதுவரை நாற்பத்தொரு கையெழுத்து போட்டாகிவிட்டது. நீங்கள் சொன்ன அந்த ஒன்று இவற்றில் எது என்று தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன். அந்த அலுவலகத்தில் உங்களுக்கு மிகவும் வேண்டிய அதிகாரி ஒருவர் இருப்பதாகச் சொல்லி, போய்ப் பார்க்கவும் சொன்னீர்கள். போய் விசாரித்தேன். அவரை அங்கே யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம்.

கார் எதற்கு என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முதுகில் அறுவை சிகிச்சை நடந்து, இடது கால் முழங்காலுக்குக் கீழே உணர்வில்லாமல் போனதிலிருந்து, மூன்று வருடமாக உங்கள் அக்கா வெளியே போக வேண்டுமென்றால் என்னைக் கேட்க வேண்டும். எனக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ள முயன்றதை நீங்கள் அறிவீர்கள், உங்கள் வீட்டு மதில் சுவரும் அறியும். ஆகவே நான் டாக்சிக்காரரைக் கேட்க வேண்டும். அவர் எங்கே, எத்தனை மணிக்கு, எதற்கு, திரும்ப எவ்வளவு நேரமாகும் என்று எங்கள் இருவரையும் கேட்பார். நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் மாற்றுவதற்குள் அவள் இரண்டு பேருக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். இருபத்தாறு வருடம் தானே காரோட்டி வேலைக்குப் போனவள். கியர் மாற்றத் தேவையில்லாத காருக்கு இடது கால் வேண்டாம். வலது கால் அவளிடம் இன்னும் விசுவாசமாகத்தான் இருக்கிறது. "எனக்குச் சும்மா வெளியே போகணுங்க. எதுக்குன்னு யார்கிட்டயும் சொல்லாம" என்று ஒருநாள் சொன்னாள். அன்றுதான் நான் கார்க் கணக்குப் போடப் பென்சிலைச் சீவினேன்.

நாற்பது சதவீதத்துக்குக் குறையாத ஊனம் என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும் என்பது முதல் விதி. மருத்துவர், "கதவுலேருந்து ஜன்னல் வரைக்கும் நடந்து காட்டுங்கம்மா" என்றார். உங்கள் அக்கா கைத்தடியை என் நாற்காலியில் சாய்த்துவிட்டு, பரிசு வாங்க மேடைக்குப் போகிறவள் போல நிமிர்ந்து பதினோரு அடி நடந்தாள். "நல்லாத்தானே நடக்கறீங்க" என்றார் அவர். "ரொம்ப நன்றி டாக்டர்" என்றாள் இவள். முப்பத்தெட்டு சதவீதம். வீட்டு மாடிப்படி ஏற முக்கால் மணி நேரமாயிற்று. அதன்பின் இரண்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை. கொஞ்சம் நொண்டியிருக்கலாமே என்று, அவள் சாப்பிட்டு முடித்துச் சற்று அமைதியாக இருந்த நேரம் பார்த்துக் கேட்டேன். "முன்னப்பின்னத் தெரியாத ஆள் முன்னாடி நான் எதுக்குங்க நொண்டணும்?" என்றாள். அந்தக் கேள்விக்குப் படிவத்தில் இடமில்லை. மேல்முறையீடு செய்தேன். இரண்டாவது மருத்துவர் இளம்பெண். நடக்கச் சொல்லவில்லை, படுக்க வைத்து, உள்ளங்காலில் ஊசியை வைத்தார். உங்கள் அக்கா கூரையைப் பார்த்தபடி, "எப்போ குத்தப் போறீங்க?" என்று கேட்டாள். "குத்தியாச்சும்மா, நாலு தடவை" என்றார் அவர். நாற்பத்தாறு சதவீதம் கிடைத்தது.

அடுத்தது வரி. காரின் விலை மேல் ஒரு வரி, அந்த வரி மேல் ஒரு கூடுதல் வரி, இரண்டையும் கட்டிய காரைச் சாலையில் இறக்குவதற்கு ஒரு வரி. சலுகை முதல் வரியில் பாதியா, முதலும் இரண்டாவதும் சேர்ந்ததில் பாதியா என்று மூன்று பேரைக் கேட்டேன். நான்கு விடை கிடைத்தது, ஏனென்றால் ஒருவர் தேநீர் குடித்துவிட்டு வந்து மாற்றிச் சொன்னார். கார்க் கடையில் விற்பனை பார்க்கும் இளைஞர், நாங்கள் 'சிரிப்பு' என்று குறிப்பிடுபவர், துயரச் செய்தியையும் பல் தெரியச் சொல்லக்கூடியவர், "கடைத் தள்ளுபடி வாங்கினா விலை குறையும் சார். விலை குறைஞ்சா வரி குறையும், வரி குறைஞ்சா சலுகையும் குறையும். அதனால தள்ளுபடி உங்களுக்கு நஷ்டம்" என்று விளக்கினார். அவர் சொன்னதில் எங்கோ பிழை இருப்பதாகப் பட்டது. ஆனால் அவர் அவ்வளவு உறுதியாக இருந்ததால் பிழை என்னுடையதாக இருக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். நான்கு மீட்டருக்கு மேற்படாத காருக்குத்தான் சலுகை. படிவம் ஏழில், 'வாகனத்தின் நீளம், விண்ணப்பதாரர் அறிந்தவரை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. கம்பெனிப் புத்தகத்தில் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து மில்லிமீட்டர் என்று அச்சிட்டிருந்தது. முப்பத்திரண்டு வருடம் கடை கடையாகப் போய் எடைக்கல்லும் அளவுகோலும் சரிபார்க்கும் உத்தியோகத்தில் இருந்தவன் நான். பிறர் அச்சிட்டதை 'நான் அறிந்தவரை' என்று எழுத மனம் இடம் தரவில்லை. என் எஃகு நாடாவையும் இரண்டு தூக்குக்குண்டுகளையும் எடுத்துப்போய், கடையின் பளிங்குத் தரையில் மண்டியிட்டு, மூன்று முறை அளந்து சராசரி எடுத்தேன். நாலாயிரத்து மூன்று. சிரிப்பு முதல்முறையாகச் சிரிப்பை நிறுத்தினார். எண்பலகைக்கு இலவசமாகப் பொருத்திய பிளாஸ்டிக் சட்டம் முன்னால் எட்டு மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருந்தது. அதன் மேல் கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. "அதைக் கழட்டிடலாம் சார்" என்றார். ஆனால் நான் அதற்குள் மையினால் எழுதிவிட்டேன், அன்றைய வெப்பநிலையை அடிக்குறிப்பாகவும் சேர்த்து.

மூன்றாம் எண் ஜன்னலில் இருந்த அம்மையார் படிவத்தை இரண்டு தடவை படித்தார். "எல்லாரும் புத்தகத்துல இருக்கறதத்தான் சார் எழுதுவாங்க. நீங்க ஏன் அளந்தீங்க?" என்றார். 'விண்ணப்பதாரர் அறிந்தவரை' என்பதைச் சுட்டிக்காட்டினேன். "அதுக்காக அறிஞ்சுக்கிட்டு வருவாங்களா?" என்றார். சட்டத்தைக் கழற்றியாயிற்று, எண்ணைத் திருத்தலாமா என்றேன். அடித்துத் திருத்தினால் செல்லாதாம். புதுப் படிவம் கொடுக்கலாமா என்றேன். கொடுக்கலாமாம், ஆனால் மருத்துவச் சான்றிதழ் பழைய படிவத்தோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறதாம். பழையதை ரத்து செய்து பிரித்தெடுக்கத் தொண்ணூறு நாள். சான்றிதழின் ஆயுள் அறுபது நாள். "அப்போ மறுபடி ஊசி குத்திக்கணுமா?" என்றேன். "அது வேற டிபார்ட்மென்ட்" என்றார். வெள்ளிக்கிழமை ஒரு நாள் முழுக்க அங்கே நின்று, நிற்பதற்கும் ஏதேனும் படிவம் உண்டா என்று மட்டும் கேட்காமல் திரும்பினேன்.

இந்தச் சூழ்நிலையில் நான் எடுத்திருக்கும் முடிவு இது. கார் வேண்டாம். சலுகையில்லாமல் வாங்குவது நம்மால் ஆகாது என்பதை இத்துடன் இணைத்துள்ள நான்கு அட்டவணைகள் காட்டும். டாக்சிக்கு மாதக் கணக்கு வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். நேற்று மாலை இதை உங்கள் அக்காவுக்கு அட்டவணை வாரியாக விளக்கினேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி" என்றாள். முப்பத்தெட்டு வருட மணவாழ்க்கையில் என் கணக்கு ஒன்றை அவள் ஒரே சொல்லில் ஏற்றுக்கொண்டது இதுவே முதல் தடவை. விளக்கம் அவ்வளவு தெளிவாக அமைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. ஆகவே நீங்கள் இதுபற்றி மேற்கொண்டு யாரிடமும் சிபாரிசுக்குப் போக வேண்டாம். குறிப்பாக, உங்களுக்கு வேண்டியவர்களிடம்.

உங்கள் மனைவிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் நீண்ட ஆயுளோடு, எந்த ஜன்னலிலும் நிற்க நேராமல் வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள அத்தான்

பின்குறிப்பு: மேலே உள்ளதில் விசாரிப்பையும் ஆசியையும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடவும்; என் கடிதத்தில் அடித்தால் செல்லும். உறையை ஒட்டப்போகும்போது கீழே ஹாரன் கேட்டது. எட்டிப் பார்த்தால், வாசலில் அந்தக் கார். சிரிப்பு சாவியை நீட்டிக்கொண்டிருக்க, உங்கள் அக்கா ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் மூன்றாம் எண் ஜன்னலில் நின்ற அதே வெள்ளிக்கிழமை அவரை வீட்டுக்கு வரவழைத்து, தன்னுடைய ஓய்வுப் பணத்தில் வாங்கியிருக்கிறாள். முழு வரி. கூடுதல் வரி உட்பட. "சலுகை என்னாச்சு?" என்று மேலிருந்து கேட்டேன். "அத நீங்களே வச்சுக்குங்க" என்றாள். "எங்க கிளம்பிட்ட?" என்றேன். "தெரியல. முதல்ல தெருமுனை. அப்புறம் பாக்கலாம்."

தெருமுனைக்குப் போய்த் திரும்ப மூன்று நிமிடம் போதும். இப்போது ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது. அந்தச் சாலை நேரே உங்கள் ஊருக்குத்தான் போகிறது. இந்தக் கடிதம் கிடைப்பதற்குள் அவள் அங்கே வந்து போயிருக்கலாம். எதற்கு வந்தாய் என்று நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.