நெத்தலியும் நாட்டின் இணையப் பாதுகாப்பும்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
2007 ஆவணி.

அன்பு மகள் சுகந்தினிக்கு,

நானும் அம்மாவும் சுகம். கனடாவில் நீயும் மருமகனும், இதற்குள் பிறந்திருக்கவேண்டிய பேரப்பிள்ளையும் சுகமாயிருக்கக் கோணேசரை வேண்டுகிறேன். ஆணா பெண்ணா என்று தெரியாமலே எழுதுகிறேன். மின்னஞ்சல் இருக்க அப்பா ஏன் முத்திரை ஒட்டுகிறார் என்று யோசிப்பாய். நாட்டின் இணையப் பாதுகாப்பைப் பலப்படுத்தியதால் வந்த வினை.

சென்ற கிழமை அரசாங்கம் அதற்கென்று நகரத்தில் ஒரு கருத்தரங்கு வைத்தது. மண்டப வாசலில் மேசை போட்டு ஒருவர் கதிரையில் இருந்தார். "அடையாள அட்டை, மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல்" என்று கேட்டார். வரிசையில் நின்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு உள்ளே போனோம். பாக்கியரத்தினம் ரீச்சருக்கு மின்னஞ்சலே இல்லை. கேட்டதற்கு இல்லையென்று சொல்லப் பயந்து தங்கச்சியுடையதைச் சொன்னா. பிறகு கொழும்பிலிருந்து வந்த இளம் அதிகாரி மேடையேறி, "வாசலில நடந்தது பரீட்சை. கடவுச்சொல்லை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. எல்லாரும் பெயில்" என்றார். ஆயுள் முழுக்கப் புள்ளி போட்ட எனக்கு முகம் சுருங்கிப்போனது. ஜவாஹிர் மாஸ்டர் எழும்பினார். "தம்பி, சோதனைச் சாவடியில மேசைக்குப் பின்னால இருந்து ஆரு கேட்டாலும் சொல்லித்தான் இவ்வளவு காலமும் வீடு போய்ச் சேர்ந்த நாங்க. சொல்லாட்டித்தானே கரச்சல்." அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அதுவும் சரிதான், சேர். ஆனா முக்கால்வாசிப் பேரும் வெளிநாட்டில இருக்கிற பிள்ளையின்ர பேரைத்தான் வச்சிருக்கிறீங்கள். பாசமான பேர் வேண்டாம். கள்ளன் முதல்ல அதைத்தான் போட்டுப் பார்ப்பான்."

என்னுடையது உன் செல்லப்பெயர், நெத்தலி. கப்பல் பார்க்க நீ மதிலில் ஏறி நிற்பாய். மெலிந்த கால் இரண்டும் நடுங்கும். "நெத்தலி, இறங்கு" என்று அம்மா குசினி யன்னலால் கத்துவா. நீ போனபிறகு அந்தப் பெயருக்கு வீட்டில் ஆளில்லை. பின்னேரங்களில் றஊப்பின் கணினிக் கடையில் அதை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவேன். பெட்டி திறக்கும், உள்ளே "அப்பா" என்று எழுதியிருப்பாய். கூப்பிட்டவுடன் ஓடி வந்தது மாதிரி இருக்கும்.

என்றாலும் சொன்னால் கேட்கவேண்டும்தானே. எழுத்தும் இலக்கமும் கலந்து, பாசமே இல்லாத ஒரு சொல்லாக மாற்றினேன். பாசம் இல்லாததால் வீடு வருமுன்னே மறந்துபோச்சு. இப்ப கள்ளனுக்கும் ஏலாது, எனக்கும் ஏலாது. தொலைபேசியும் வேலை செய்யவில்லை. அம்மா என்னோடு கதைப்பதில்லை. "பேரப்பிள்ளையின்ர படம் பெட்டிக்குள்ள கிடக்குது, இவர் நாட்டைக் காப்பாத்திறார்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லுறா. ஆகையால் படத்தைத் தபாலில் அனுப்பு.

மருமகனுக்கு எங்கள் அன்பு. பேர் தெரியாத பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பாதுகாப்பாக வெளியே நிற்கும் அப்பா,
ஞானசேகரம்.

பி.கு.: உறையை ஒட்டப்போகையில் றஊப் வந்து, "மறந்தா அது ஒரு கேள்வி கேட்கும், சேர், வாங்க" என்று கூட்டிப்போனான். கேட்டது: உங்கள் பிள்ளையின் செல்லப்பெயர் என்ன? தட்டினேன், திறந்தது. பெண்பிள்ளை. கால் இரண்டும் உன்னுடையதேதான். அம்மா கதைக்கத் தொடங்கிவிட்டா. பழைய சொல்லையே திரும்பப் போட்டுவிட்டேன், ஒருவருக்கும் சொல்லாதே. வழியில் இதைப் பிரித்து வாசிக்கும் ஐயா, நீங்களும் சொல்லாதேங்கோ.