செம்மநத்தத்து மிளகாய் மீது நடவடிக்கை

உலகில் வைரஸுக்கு அஞ்சாத இடம் ஒன்று உண்டென்றால், அது ஏற்காட்டில் இருந்த எங்கள் பயிர் நோய்த் தடுப்பு அலுவலகம்தான். 2003-ல் நான் அங்கே உதவியாளன். வைரஸ் தன் வேலையை முடித்த பிறகே நாங்கள் கிளம்புவோம் என்பதால், இரு தரப்புக்கும் மோதல் வந்ததே இல்லை.

ஆடி மாதம் செம்மநத்தத்துக் கண்ணம்மாள், சுருண்டுபோன மிளகாய் இலைகளை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார். மொத்தம் இருநூறு செடி. அந்த வருஷம் அவர் வீட்டுக்கு அதுதான் வெள்ளாமை. நாங்கள் சும்மா இருப்போமா? உடனே கூட்டம் போட்டோம். ஐம்பது நாளில் மூன்று கூட்டம்.

மூன்றாவது கூட்டத்தில் அதிகாரி பாக்கியநாதன் 'சின்ன ஆர்.என்.ஏ.' பற்றி ஒரு மணி நேரம் முழங்கினார். வெளிநாட்டில் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். வைரஸ் நுழைந்ததும் செடி அந்த வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் துண்டு துண்டாக நறுக்குமாம். சின்ன ஆர்.என்.ஏ. என்கிற அந்தத் துண்டுகளை அடையாளமாக வைத்துக்கொண்டு மிச்ச வைரஸையும் தேடிப் பிடித்து வெட்டுமாம். கெட்டிக்கார வைரஸாக இருந்தால் அந்தத் துண்டுகளையே அமுக்கிவிடுமாம். கைதட்டினோம். பிறகு, 'நோயுற்ற செடிகளை அழிக்கவும்' என்று ஒருமனதாக ஆணை போட்டோம்.

ஜீப்பில் செம்மநத்தம் போய் இறங்கினால், அடியிலை மட்டும்தான் சுருண்டிருந்தது. மேலே கொழுந்து பளபளவென்று விரிந்து பூவும் பிடித்திருந்தது. அதிகாரியின் முகம் கறுத்துவிட்டது.

"இது யார் பார்த்த வேலை?"

"செடியே தேறிக்கிச்சுங்க சார். நான் தண்ணி மட்டுந்தானுங்க ஊத்துனேன்" என்றார் கண்ணம்மாள்.

"அனுமதி இல்லாமலா?"

நான் அதிகாரியின் காதருகே போய், "சார், நீங்க சொன்ன சின்ன ஆர்.என்.ஏ.தான் வேலை செஞ்சிருக்குங்க" என்றேன். பதினோரு வருஷ சர்வீஸில் நான் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அது. அவர் காதில் வாங்கவில்லை. படிவத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"'நோயுற்றவை', 'அழிக்கப்பட்டவை'. ரெண்டு கட்டம்தான்யா இருக்கு. தேறினதை எங்கே எழுதறது?"

"எழுதாமயே உட்டுருங்க சார்" என்று கண்ணம்மாள் கும்பிட்டார். "நொம்பப் பூப் புடிச்சிருக்குதுங்க."

"கட்டத்தைக் காலியா விடக் கூடாதும்மா."

ஜீப்பில் எங்களோடு வந்த ஆட்கள் வயலில் இறங்கினார்கள். அரை மணி நேரத்தில் இருநூறு செடிகளும் வேரோடு வரப்பில் கிடந்தன. அப்படியொரு சுறுசுறுப்பை எங்கள் அலுவலகத்தில் அதற்கு முன் நான் கண்டதில்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் எண்ணியது நான்தான். இரண்டாவது கட்டத்தில் 200 என்று அழகாக எழுதி, கையெழுத்துக்கு நீட்டினேன்.

கண்ணம்மாள் பேனாவை வாங்கவில்லை. பிடுங்கிப் போட்ட செடி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, அந்த வைரசு ரெண்டு மாசம் இங்கதானுங்க இருந்துச்சு. வேரத் தொடலீங்களே" என்றார்.