சனிக்கிழமை இடிக்க வேண்டிய விறாந்தை

விறாந்தையை இடிப்பது என்று முடிவு செய்தேன். மனைவியிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது முடிவாக இருந்திருக்காது, விண்ணப்பமாக இருந்திருக்கும்.

என் பெயர் காலிதீன். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு கடிதத்தில்தான் வந்தது. காலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. காலையில் எழும்பினால் படலைக்கும் கிணற்றடிக்கும் இடையில் நடப்பேன். நடக்கிற வழியில் கண்ணில் பட்டதைக் கழற்றுவேன். கழற்றியதைத் திருப்பிப் பூட்ட வராது. அப்படி மின்விசிறி போனது. தண்ணீர் மோட்டர் போனது. பிறகு என் பார்வை விறாந்தையில் விழுந்தது.

எங்கள் வீடு கல்முனையில், கடற்கரைப் பக்கம். எங்கள் வீடு என்பது ஒரு பேச்சுக்கு. இந்தப் பகுதியில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து ஏறுவார். நான் பாலமுனையிலிருந்து வந்து ஏறியவன். வீட்டைக் கட்டியவர் என் மனைவி ஸுஹைறாவின் மூத்தாப்பா, அவள் உம்மாவைப் பெற்றவர். முன்னுக்கு நீண்ட விறாந்தை, வைரம் பாய்ந்த முதிரை மரத் தூண்கள், வாசலுக்கு மேலே வண்ணக் கண்ணாடி.

அக்கரைப்பற்றில் என் தம்பி புதுவீடு கட்டியிருக்கிறான். முன்பக்கம் கொங்கிறீட் பிளேட், அதைச் சுற்றிப் பளபளவென்று இரும்புக் கம்பி. அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"இஞ்ச புள்ள, இந்த விறாந்தய உடைச்சிப்போட்டு முன்னுக்கு ஒரு கொங்கிறீட் பிளேட் போட்டா என்ன?"

"எதுக்கு?"

"காத்து வரும்."

"இப்ப என்ன வருது?"

கடற்கரையில் இருந்துகொண்டு அதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.

"பழசாப் போச்சி, ஸுஹைறா."

"நீங்களும்தான். உடைக்கவா சொன்னன்?"

ஆகவே அவள் இல்லாத நேரத்தில் இடிப்பதென்று தீர்மானித்தேன். இடித்த பிறகு என்ன செய்வாள்? ஏசுவாள். ஏச்சு கேட்டு எனக்குப் பழக்கம். விழுந்த பிறகு எழும்பி நிற்கத் தூணுக்குத்தான் பழக்கமில்லை.

ஒரே சிக்கல், அவள் வீட்டை விட்டு அசைய மாட்டாள். அவளும் ஓய்வு பெற்ற டீச்சர். அவளுக்கு ஓய்வு சரியாக வந்து சேர்ந்துவிட்டது. கதிரையில் இருந்தாள் என்றால் இருந்தாள்தான்.

அப்படி நான் தவித்துக்கொண்டிருந்த நாளில் கிருஷாந்தன் வந்தான். பாண்டிருப்பில் வீடு. ஸுஹைறாவிடம் படித்து, பிறகு கட்டிடக்கலை படித்தவன். சுனாமி கொண்டுபோனது போக மிஞ்சிய பழைய கட்டிடங்களை ஒருநாள் சனங்களுக்குத் திறந்து காட்டப்போகிறார்களாம். பயணிகள் தங்கும் வாடி வீடு, பழைய நெல் ஆலை என்று ஐந்து கட்டிடங்கள் பிடித்திருந்தான். ஒவ்வொன்றிலும் நின்று விளக்கம் சொல்லத் தொண்டர்கள் தேவை.

"சேர், நீங்க வாறீங்களா?"

"என்ட முழங்காலுக்கு ஏலா, மகன். டீச்சரக் கூட்டிப் போங்க. அவ கதைச்சா கட்டிடமே காது குடுத்துக் கேக்கும். எண்டைக்கு?"

"வாற சனிக்கிழம. காலையில இருந்து பின்னேரம் வரைக்கும்."

காலையிலிருந்து பின்னேரம் வரை. ஒரு விறாந்தைக்கு அது தாராளம்.

அவன் போன பிறகு ஸுஹைறாவைப் பிடித்துக்கொண்டேன்.

"போ புள்ள. ஊருக்கு ஒரு சேவ. நீ ஊட்டுக்குள்ளயே அடஞ்சி கிடக்கிறது எனக்குக் கவலயா இரிக்கி."

அவள் என்னைப் பார்த்தாள். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள்.

"ஓம். போறன்."

எனக்குத் திக்கென்றது. என்னைக் கட்டிக்கொள்வதற்கே ஒரு வருடம் யோசித்தவள் அவள்.

அந்தக் கிழமை முழுக்க அவள் பின்னேரங்களில் தொண்டர் பயிற்சிக்குப் போனாள். நான் றிஸ்மியைத் தேடிப் போனேன். சுவர் கட்டவும் இடிக்கவும் எங்கள் பக்கத்தில் நல்ல மேசன் பாஸ் அவன்தான்.

"டீச்சருக்குத் தெரியுமா, சேர்?"

"கேட்டன். ஓம் எண்டா."

பொய் இல்லை. எதற்கு ஓம் என்றாள் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சனிக்கிழமை ஸுஹைறா அபாயாவுக்கு மேல் தொண்டர்களின் மஞ்சள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு புறப்பட்டாள்.

"ஒனக்கு எந்தக் கட்டிடம்?"

"அங்க போனாத்தான் தெரியும். நீங்க ஒண்டையும் கழட்டாம இருங்க."

ஓட்டோ தெரு முடக்கில் திரும்பி மறையும் வரை படலையில் நின்று கை காட்டினேன். பிறகு உள்ளே ஓடி, சுவர் இடிக்கிற நீள இரும்பு அலவாங்கை எடுத்து வந்தேன்.

றிஸ்மி வரவில்லை. தொலைபேசியில் கோல் எடுத்தேன். "இந்தா வந்துட்டன், சேர்" என்றான். படலைக்குப் போனேன், கிணற்றடிக்குப் போனேன், மறுகா கோல் எடுத்தேன். "இந்தா முடக்குல நிக்கிறன்" என்றான். முடக்குக்கே போய்ப் பார்த்தேன். ஒரு ஆடு நின்றது.

வெயில் ஏறின பிறகுதான் வந்து சேர்ந்தான். வந்தவன் வேலையைத் தொடங்கினானா? தூணைத் தடவினான். கூரையை அண்ணாந்து பார்த்தான். நூல் பிடித்து அளந்தான். அளந்ததை மறந்துவிட்டுத் திரும்ப அளந்தான்.

"என்னடாப்பா செய்யிற? உடைக்கிறதுக்கு எதுக்கு அளவு?"

"அவசரப்படாதீங்க, சேர். முதிர மரம்."

என் பொறுமை போய்விட்டது. அலவாங்கை நானே தூக்கினேன். முதல் தூணின் அடியைக் குறிவைத்தேன். அப்போது றோட்டில் சனச் சத்தம் கேட்டது.

படலை திறந்தது. முன்னால் மஞ்சள் மேலங்கி. அதற்குப் பின்னால் கிருஷாந்தன், அவனுக்குப் பின்னால் குடை பிடித்த பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், காரைதீவிலிருந்து வந்த ஒரு குடும்பம், எல்லோர் கையிலும் தொலைபேசி.

"இதுதான் எங்கட ஆறாவது கட்டிடம்," என்றாள் ஸுஹைறா. "என்ட மூத்தாப்பா கட்டின ஊடு."

அலவாங்கு என் தலைக்கு மேலேயே நின்றது. இறக்குவதா, வைத்திருப்பதா என்று கைக்குத் தெரியவில்லை.

"இவர் ஆரு?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"என்ட மாப்புள. காவலுக்கு நிக்கிறார்."

"அலவாங்கோடயா?"

"தூண்ல ஆரும் கை வெச்சா விடமாட்டார். அவ்வளவு பாசம்."

றிஸ்மி சுவருக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பவன்போல உள்ளங்கையை அதில் வைத்துக்கொண்டு நின்றான். நான் அலவாங்கை மெல்ல இறக்கிச் சாறனுக்குப் பின்னால் மறைத்தேன். அலவாங்கு என்னைவிட உயரம்.

குடை பிடித்த பெண் கேட்டாள்: "டீச்சர், இவ்வளவு கடலுக்குக் கிட்ட இரிக்கி. சுனாமிக்கு இது எப்படித் தப்பின?"

"அத இவர்ட்டக் கேளுங்க," என்றாள் ஸுஹைறா. "தூணப் புடிச்சிக்கிட்டு நிண்டவர் இவர்தான்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். தப்ப வழியில்லை. சொல்லத் தொடங்கினேன். தண்ணீர் நெஞ்சுவரை வந்ததைச் சொன்னேன். பக்கத்து வீட்டு மதில்கள் போனதைச் சொன்னேன். நாங்களும் பக்கத்து வீட்டுச் சனமும் ஆளுக்கொரு தூணைக் கட்டிக்கொண்டதைச் சொன்னேன். என் கை தானாகவே அந்தத் தூணுக்குப் போனது. இருபது வருடத்துக்கு மேலாகியும் பிடித்த இடம் கைக்குத் தெரிந்திருந்தது.

"நான் தூணப் புடிச்சன். இவ என்னப் புடிச்சா. இன்னும் விடல்ல."

சனம் சிரித்தது. நான் மட்டும் தூணிலிருந்து கையை எடுக்கவில்லை.

அடுத்த கூட்டம் வந்தது. அதற்கும் சொன்னேன். அதற்கடுத்ததற்கும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் தூண் கொஞ்சம் தடித்தது. வண்ணக் கண்ணாடி தரையில் போடும் சிவப்பையும் பச்சையையும் நானே குனிந்து காட்டினேன். காரைதீவுக்காரர் போகும்போது சொன்னார்: "இத உடைச்சிப் போடாதீங்க, ஐயா."

"உடைக்கிறதா? நான் இரிக்கும் வரைக்கும் ஒருத்தரும் தொட ஏலா."

கிருஷாந்தன் அதைத் தொலைபேசியில் பதிவு செய்துகொண்டான். டீச்சர் சொல்லியிருந்தாவாம்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு சனம் குறைந்தது. நான் விறாந்தைப் படியில் சரிந்தேன். குரல் கரகரத்துப் போயிருந்தது.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கடைத்தெருவுக்குப் போனாலே மூணு தரம் கோல் எடுத்து, எப்ப வாற எண்டு கேக்கிற ஆள் நீங்க. நாள் முழுக்கப் போய் நில்லு எண்டா, விளங்காதா?"

"றிஸ்மி?"

"அவன்ட புள்ளையள் என்னட்டப் படிச்சதுகள். சுணங்கி வந்து நல்லா அள எண்டு சொன்னன்."

"என்னட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே விட்டிருப்பன்தானே?"

"எனக்குச் சொன்னா மறுநாள் மாறிருவீங்க. ஊருக்குச் சொல்லிட்டீங்க. இனி மாற ஏலா."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். தட்டில் தேத்தண்ணியோடு வந்தாள். கிருஷாந்தனுக்குக் கொடுத்தாள். கடைசியாக வந்த இரண்டு பெண்களுக்குக் கொடுத்தாள். நாள் முழுக்க ஒரு செங்கல்லும் உடைக்காத றிஸ்மிக்கும் கொடுத்தாள். தட்டு என்னைத் தாண்டிப் போனது.

"எனக்கு?"

அவள் மஞ்சள் மேலங்கியைக் கழற்றி என் தோளில் போட்டாள்.

"தேத்தண்ணி வந்தவங்களுக்கு. தொண்டர்மார் குசினிக்குப் போய்த் தாங்களே ஊத்திக் குடிக்கணும்."