ஒரு தக்காளிச் செடிக்கு ஒரு ஏக்கர் வரப்பு

தேனீக்களுக்குச் சாப்பாடு சரியில்லை என்கிற விஷயம் ஒருநாள் அரசின் மேலான கவனத்துக்கு வந்தது. மனிதர்களுடைய சாப்பாட்டு விஷயம் அதற்கு முன்பே வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தது. அது உட்காரட்டும். தேனீயும் பொறிவண்டும் வண்ணத்துப்பூச்சியும் வயிறார உண்டு வாழ, விவசாயிகள் தங்கள் வயலைச் சுற்றி நாலு பக்க வரப்பிலும் பூச்செடி வளர்க்க வேண்டும் என்று முடிவானது. அதற்கு ‘உயிரினப் பன்மய ஒருங்கிணைந்த பூவரப்பு மேம்பாட்டுத் திட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பெயரை மூச்சு விடாமல் சொல்ல முடிந்தவர்களைத் திட்ட அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள்.

இது முழுக்க முழுக்க விருப்பத் திட்டம். விரும்பியவர்கள் சேரலாம். விரும்பாதவர்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் மானியம் கிடையாது. இப்படி விளக்கிச் சொன்னதும் திண்டுக்கல்லை அடுத்த ஆத்தூர்ப் பக்கத்து விவசாயிகள் எல்லாருக்கும் விருப்பம் வந்துவிட்டது.

மொக்கைச்சாமிக்கு மற்றவர்களைவிட முந்தி வந்தது. அவர் தோட்டத்துப் பழைய குழாயை அணில் கடித்தது போக மிச்சத்தை வெயில் தின்றிருந்தது. மோட்டாரைப் போட்டால் செடிக்குப் போகிற தண்ணீரைவிட நடைபாதைக்குப் போகிறது அதிகம். கிணற்றில் இருப்பதே கொஞ்சம். குழாய் இல்லாவிட்டால் செண்டுமல்லி இல்லை, செண்டுமல்லி இல்லாவிட்டால் ஆயுத பூஜை இல்லை. ஆயுத பூஜை உங்களுக்குப் பொரியும் லீவும். அவருக்கு வருஷச் சம்பளம். மற்ற நாளில் செண்டுமல்லியைக் கேட்க நாதி கிடையாது. அந்தப் பண்டிகைக்கு மட்டும்தான் லாரி, லேத்துப் பட்டறை, ஜெராக்ஸ் மிஷின் எல்லாம் அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ளும்.

கையெழுத்துப் போட்டார். குழாய் வந்தது. ஒரு ஏக்கர் முழுக்கச் செண்டுமல்லி நட்டார். செடிகள் சொட்டுச் சொட்டாகக் குடித்து வளர்ந்து, மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூக்கத் தொடங்கிய பிறகு, பூவரப்பை ஆய்வு செய்ய அலுவலர் வந்தார்.

அலுவலர் பெயர் பிரின்ஸ். படித்த பிள்ளை, மரியாதையான பிள்ளை, ஒருவரையும் கடிந்து பேசத் தெரியாது. இந்த மாதிரி ஆளிடம்தான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சண்டை போடவே முடியாது.

“அண்ணே, பூவரப்பு எங்கண்ணே இருக்கு?”

“சார், வெயில்ல வந்திருக்கீக. செத்த நேரம் நிழல்ல நின்னு பாருங்க. அம்புட்டும் பூதான்.”

“இது பயிருண்ணே. நான் பூவக் கேக்குறேன்.”

“செண்டுமல்லி பூ இல்லாம புடலங்காயா சார்?”

“விக்கிற பூ பயிர்க் கணக்குல போயிரும். விக்காத பூதான் பூக் கணக்குல வரும். செயலியில அப்படித்தான் இருக்கு.” பிரின்ஸ் தன் செல்போனைத் திருப்பிக் காட்டினார்.

“வரப்புல என்ன பூ வைக்கலாம்னு அதுல போட்டிருக்கா?”

“இருக்கே. மொதப் பேரே செண்டுமல்லிதான். பூச்சியெல்லாம் தேடி வருமாம்.”

“அப்ப முடிஞ்சு போச்சுல்ல.”

“முடியலண்ணே. சுத்தி வரப்புல செண்டுமல்லி, நடுவுல பயிரும் செண்டுமல்லி. வரப்பு எங்க முடியுது, பயிரு எங்க ஆரம்பிக்குதுன்னு போட்டோவுல தெரியணும்.”

“தேனீ அதெல்லாம் பாக்குறதில்லையே சார். அது பாட்டுக்கு எல்லாத்துலயும் உக்காருது.”

“தேனீ போட்டோ எடுத்து அனுப்ப வேண்டியதில்லண்ணே. நான் அனுப்பணும்.”

மொக்கைச்சாமி தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். “அப்ப எல்லாத்தையும் வரப்புன்னே போட்டு விடுங்க.”

பிரின்ஸ் நேர்மையாக யோசித்தார். “எல்லாமே வரப்புன்னா, அது எதுக்குண்ணே வரப்பு?”

இது லேசான கேள்வி இல்லை. சாமியார்கள் மலையேறி உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி. பிரின்ஸுக்கு மலையேற நேரமில்லாததால் மேலதிகாரி ரூபி மேடத்துக்குப் போன் போட்டார். மேடம் விதிகளைப் புரட்டிப் பார்த்து, ‘நடுவில் வேறொரு பயிர் இருந்தால்தான் சுற்றியிருப்பது வரப்பு ஆகும், அந்தப் பயிர் எவ்வளவு இருக்க வேண்டும் என்று விதியில் சொல்லப்படவில்லை’ என்று தெளிவுரை வழங்கினார்.

“நடுவுல வேற பயிரு ஒன்னு இருந்தாப் போதுமாம்ணே.”

“ஒன்னுன்னா?”

“ஒன்னுன்னா ஒன்னுதாண்ணே.”

மொக்கைச்சாமியின் மனைவி புவனேஸ்வரி வீட்டுக்குப் பின்னால் போனாள். பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் தானாக முளைத்து நின்ற தக்காளிச் செடியை மண்ணோடு பெயர்த்துக்கொண்டு வந்தாள். வயலின் நட்ட நடுவில் அதை நட்டார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் தனியாக மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை போல அது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

முதன்மைப் பயிர்: தக்காளி. பூவரப்பு: ஏறக்குறைய ஒரு ஏக்கர். இப்படிப் பதிவு செய்ததும் செயலியில் பச்சை டிக் விழுந்தது. தேனீ படம் ஒன்று வந்து இறக்கை அடித்துப் பாராட்டியது. பயிருக்கு இத்தனை தாராளமாக வரப்பு விட்ட விவசாயி வட்டாரத்திலேயே வேறு யாருமில்லை என்று தெரியவந்ததால், மொக்கைச்சாமியை முன்னோடி விவசாயி என்று அறிவித்துச் சால்வை போர்த்தினார்கள்.

பக்கத்துத் தோட்டக்காரர்கள் சும்மா இருப்பார்களா? செண்டுமல்லி போட்ட அத்தனை பேரும் நடுவில் ஆளுக்கொரு தக்காளி நட்டார்கள். திண்டுக்கல்லில் இருந்து கல்யாண ஜோடிகள் கேமராக்காரரோடு வந்து, பூவுக்குள் ஓடுவதும் நிற்பதும் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தார்கள். டவுனில் இயற்கை அங்காடி வைத்திருக்கும் ஒரு அம்மா காரில் வந்து, பூவைப் பார்த்தபடியே வளரும் தக்காளிக்கு மனநிம்மதி அதிகம், ருசியும் அதிகம் என்று சொல்லி, செடி பூ வைக்கும் முன்பே அதன் காய்க்கு முன்பதிவு செய்துவிட்டுப் போனார். கேட்க உங்களுக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கும் இருந்தது. மொக்கைச்சாமிக்கு இல்லை. குழாயில் தண்ணீர் சொட்டுகிறது, பூ விரிகிறது, ஆயுத பூஜை வருகிறது. அவருக்கு என்ன குறை?

குறை குறுஞ்செய்தியாக வந்தது. ‘வரப்புப் பூக்களைப் பறிப்பது விதிமீறல். மீறினால் குழாய்கள் திரும்பப் பெறப்படும்.’

ஏக்கர் முழுக்க வரப்பு. மொக்கைச்சாமி சால்வையைக்கூட மடித்து வைக்காமல் திட்ட அலுவலகத்துக்கு ஓடினார்.

“சார், பூவெல்லாம் விரிஞ்சிருச்சு. பறிக்கணும்.”

“அண்ணே, அது உங்க பூ இல்லண்ணே. தேனீயோட பூ.”

“அதுக்கு வேண்டியது தேனு. எடுத்துக்கிரட்டும், யாரு வேணாங்கிறா? பூவ எனக்கு விட்டுரச் சொல்லுங்க. அதுக்கு மால கட்டத் தெரியாது.”

“தக்காளியப் பறிச்சுக்கலாம்ணே. தடையே இல்ல.”

“ஆயுத பூஜைக்கு லாரிக்காரன் தக்காளியவா கோத்துத் தொங்கவிடுவான்?”

பிரின்ஸ் கோபப்படவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மொக்கைச்சாமி குடித்துவிட்டுப் பேரத்தில் இறங்கினார்.

“சரி, பாதி தேனீக்கு. பாதி எனக்கு.”

“அப்படிப் பிரிக்க விதி இல்லண்ணே.”

“அப்ப முக்கால் எனக்கு.”

“என்னண்ணே, கூடிக்கிட்டே போகுது?”

“பாதி கேட்டாலும் இல்லங்கிறீக, முக்கால் கேட்டாலும் இல்லங்கிறீக. இல்லங்கிறதுக்கு எதுக்கு நான் கொறச்சுக் கேக்கணும்?”

இதில் இருந்த நியாயம் பிரின்ஸுக்குப் புரிந்தது. நல்ல பிள்ளை என்று சொன்னேனே. விதிகளைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்து, கடைசியில் பராமரிப்பு என்கிற தலைப்பின் கீழ் ஒரு வரியைக் கண்டுபிடித்தார். வாடக்கூடிய தாவரக் கழிவுகளை அகற்றலாம்.

“என் பூ வாடலையே சார்.”

“வாடக்கூடியதுதானண்ணே. இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு.”

“அப்படிப் பாத்தா நீங்க, நானு எல்லாரும் வாடக்கூடியவகதான்.”

“நம்மள அகற்றச் சொல்லி விதி இல்லண்ணே. பூவுக்கு இருக்கு.”

ரூபி மேடம் ஒப்புதல் அளித்தார். நிபந்தனை ரெண்டே ரெண்டு. அகற்றப்படும் கழிவுக்குச் சந்தை மதிப்பு ஏதும் இல்லை என்ற சான்றை வண்டியில் ஒட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு நாள் ஒதுக்கினால் அலுவலகத்துக்கு வேலைப்பளு கூடும் என்பதால், பூவரப்பு விவசாயிகள் அனைவரும் ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலையில் ஒரே நேரத்தில் அகற்றிக்கொள்ள வேண்டும்.

விஷயம் தெரிந்ததும் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் அழகுராஜா போன் செய்தார். மொக்கைச்சாமியின் பூ வருஷா வருஷம் அவர் கடைக்குத்தான் போகும்.

“மாமா, உங்க பூவ இப்பவே பேசி முடிச்சுருவோம். இந்த வெல தாரேன்.” ஒரு விலை சொன்னார். நியாயமான விலை.

“அந்த வெலைக்கு நான் தேனீக்கே விட்டுருவேன் மாப்ள.”

“நாளைக்கு எறங்கிரும் மாமா. சொன்னாக் கேளுங்க.”

“வருசா வருசம் இதே பாட்டுத்தான் பாடுற. ஏறும். நான் நேர்ல வாரேன், அங்க வச்சுப் பேசிக்கிருவோம்.”

நானும் பேரம் பேசியே பிழைத்தவன்தான். மொக்கைச்சாமி செய்ததில் தப்பே சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் அவர் மறந்துவிட்டார். எதிராளி சில நேரம் உண்மையும் பேசுவான்.

மறுநாள் காலை ஆள் விட்டுக் கழிவை அகற்றி, மூட்டை கட்டி, குட்டியானை வண்டியில் ஏற்றி, முன்கண்ணாடியில் சான்றை ஒட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார். வாசலுக்குள் வண்டி நுழைய முடியவில்லை. ரோடு வரைக்கும் மஞ்சள். ஒரு தக்காளி நட்ட அத்தனை பேரும் ஒரே காலையில் ஒரே பூவோடு, கண்ணாடியில் ஒரே சான்றோடு வந்து நின்றார்கள்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அழகுராஜாவிடம் போனார்.

“மாப்ள, நேத்துச் சொன்ன வெலைக்கே போடு.”

“நேத்துச் சொன்னது நேத்தோட போச்சு மாமா.”

“அதுல பாதி.”

அழகுராஜா வண்டிக்கு வந்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்ததை நிதானமாகப் படித்தார். “‘மேற்படி தாவரக் கழிவுக்குச் சந்தை மதிப்பு ஏதும் இல்லை எனச் சான்றளிக்கப்படுகிறது.’ சரியாத்தான் எழுதியிருக்காக மாமா.”

அந்த அலுவலகத்திலிருந்து அதுவரை எத்தனையோ சான்றிதழ்கள் வெளிவந்திருக்கின்றன. வரி பிசகாமல் உண்மையாகிப்போனது அது ஒன்றுதான்.

திரும்பும் வழியில் மொக்கைச்சாமி திட்ட அலுவலகத்தில் வண்டியை நிறுத்தினார். விற்காத பூ, சும்மாவாவது கொடுத்துவிட்டுப் போவோம், பூஜைக்கு ஆகும் என்று நினைத்தார். உள்ளே கம்ப்யூட்டர் ஏற்கெனவே செண்டுமல்லி மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தார். பிளாஸ்டிக்.

“மன்னிச்சுக்கங்கண்ணே,” என்றார் பிரின்ஸ், நிஜமான வருத்தத்தோடு. “இது சுற்றுச்சூழல் அலுவலகம், ஈரக் கழிவு சேரக்கூடாதுன்னு சுற்றறிக்கை.”

பூ முழுவதும் தோட்டத்து மூலையில் குப்பைக்குழிக்குப் போனது. கொட்டிவிட்டுக் கை கழுவ மோட்டார் ரூமுக்குப் போனவர் அப்படியே நின்றார். மோட்டார் கழுத்திலும் அதே பிளாஸ்டிக் மாலை.

“இது யாரு போட்டது?”

“நாந்தான்,” என்றாள் புவனேஸ்வரி. “நம்ம பூவுல கை வச்சா குழாயப் புடுங்கிருவாகன்னு நீங்கதான சொன்னீக. பூஜையும் அதுவுமா மோட்டார மொட்டையா விட முடியுமா? போன வாரமே பஸ் ஸ்டாண்டுல வாங்கியாந்துட்டேன்.”

“என்ன வெல?”

சொன்னாள். அந்த விலைக்கு மொக்கைச்சாமி அன்று ஒரு மூட்டைப் பூவே கொடுத்திருப்பார்.

“கொறச்சுக் கேட்டியா?”

“கேட்டேன். ஒரே வெலன்னுட்டான்.”

பூஜை முடிந்த கையோடு அடுத்த ஆய்வு. தக்காளி நலமாக இருந்தது. சுற்றிலும் பூ இல்லாமல் வெறும் செடி.

“பூவரப்பு எங்கண்ணே?” என்றார் பிரின்ஸ்.

“நீங்கதான சார் அகற்றச் சொன்னீக?”

“கழிவத்தானண்ணே அகற்றச் சொன்னோம். பூவ அகற்றச் சொல்லலையே. பூ இல்லாமப் பதிவு பண்ணுனா குழாய எடுக்கச் சொல்லி ஆர்டர் தானா வந்துரும்ணே. என் கையில இல்ல.”

மொக்கைச்சாமி கீழே ஓடுகிற கறுப்புக் குழாயைப் பார்த்தார். பூ போய்விட்டது. குழாயும் போனால் அடுத்த வருஷம் பூவே இல்லை.

புவனேஸ்வரி விறுவிறுவென்று மோட்டார் ரூமுக்குப் போய், மாலையைக் கழற்றிக்கொண்டு வந்து, வரப்போரம் செடிகளின் மேல் நீளமாகப் போட்டாள். “இப்ப எடுங்க சார் போட்டோ.”

பிரின்ஸ் தயங்கினார். ஆனால் கடமை தவறாதவர். செயலி கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார்.

“விற்பனைக்கா? இல்ல. பறிக்கப்பட்டுள்ளதா? இல்ல. பூத்த நிலையில் உள்ளதா?” குனிந்து பார்த்தார். “ஆமா.”

பச்சை டிக் விழுந்தது. தேனீ படம் வந்து இறக்கை அடித்தது.

“சார்,” என்றார் மொக்கைச்சாமி, “இதுக்குத் தேனீ வருமா?”

“அந்தக் கேள்வி செயலியில இல்லண்ணே.”

குழாய் தப்பியது. இந்தப் போகத்தில் ஆத்தூர்ப் பக்கம் எந்தத் தோட்டத்தைப் பார்த்தாலும் நாலு வரப்பிலும் பிளாஸ்டிக் செண்டுமல்லி மழையிலும் வெயிலிலும் வாடாமல் நிற்கிறது. உயிரினப் பன்மயத்தில் வட்டாரம் முதலிடம். அழகுராஜா கடையில் பாதியைப் பிளாஸ்டிக் பூவுக்கு ஒதுக்கிவிட்டார். மொத்தமாக எடுத்தால் குறைத்துத் தருகிறார் என்று மொக்கைச்சாமி சுற்றியுள்ளவர்களுக்கும் சேர்த்து வாங்கிக் கொடுக்கிறார்.

அவர்களை நினைத்து உங்களுக்குச் சிரிப்பு வரலாம். தாராளமாகச் சிரியுங்கள். அதற்கு முன்னால் செத்த நேரம் வெளியே போய், ஆயுத பூஜையில் இருந்து உங்கள் வண்டியின் முன்னால் தொங்குகிற மாலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.