ரூட் மாமாவுக்கு அடங்காத ஜி.பி.எஸ்.

கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து சேர்வதில் ரூட் மாமாவை மிஞ்ச தில்லியில் ஆள் பிறக்கவில்லை. ஏதோ ஒரு அமைச்சகத்தில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். கரோல் பாக்கில் எங்கள் வீட்டுக்கு மேல் மாடி. நிஜப் பெயர் மின்சார பில்லுக்கு மட்டும்தான் தெரியும். யார் எங்கே கிளம்பினாலும் செருப்பை மாட்டிக்கொண்டு, "ரூட் நான் சொல்றேன், வா" என்று முன்னால் நடப்பார்.

அவருக்கு இரண்டு கொள்கைகள். "தில்லிக்காரன் வழி தெரியாதுன்னு சொல்லவே மாட்டான்டா. மூணு பேரைக் கேளு. ரெண்டு பேர் எந்தப் பக்கம் கையைக் காட்றானோ அங்க போ" என்பது முதலாவது. நல்ல யோசனைதான், ஆனால் மூன்று பேரில் ஒருவர் எப்போதும் அவரே. இரண்டாவது, சந்தேகம் வந்தால் வலது பக்கம் திரும்புவது. "கோயில்ல வலமாத்தானே சுத்தறோம்? வலம் போனா ஒரு குத்தமும் வராது" என்பார். குற்றம் வராது, போக வேண்டிய இடமும் வராது. நாலு தடவை வலது பக்கம் திரும்பினால் பழைய இடம்தான் வரும் என்று அவரிடம் சொல்ல எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை.

கோல் மார்க்கெட்டில் ஒரு தமிழ்க் கல்யாணத்துக்கு எங்களை அழைத்துப் போய், அடுத்த தெருவில் யாரோ பஞ்சாபிக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார வைத்தார். "மாப்பிள்ளை குதிரைல வரச்சேயே எனக்கு லேசா சந்தேகம்தான்" என்றார், ஜிலேபியை மென்றுகொண்டே.

இப்படிப்பட்டவரை ஜி.பி.எஸ். வாங்க யாராவது கூட்டிப் போவார்களா? நான் போனேன். என் மகள் நித்யா நிலவியல் படிக்க ஸ்காட்லாந்து கிளம்பிக்கொண்டிருந்தாள். மலைமலையாக ஏறிப் பாறை பார்க்கிற படிப்பு. மேலே மொபைல் சிக்னல் கிடையாது, திடீரென்று பனிமூட்டம் இறங்கும், கையில் வைத்துக்கொள்ள ஒரு ஜி.பி.எஸ். கட்டாயம் வேண்டும் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். இவளோ, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் சாம்பார் பொடி வாங்கவே போனைப் பார்த்து நடக்கிற பெண். பனிமூட்டம் என்று கேட்டதிலிருந்து என் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"இதுக்கு நீங்க எதுக்கு மாமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"வழி தெரிஞ்சவனுக்கு அந்த மிஷினைப் பத்தி என்னடா தெரியும்? தொலைஞ்சு பழகினவன் வந்து பார்க்கணும். கிளம்பு, ஜல்தி!"

மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடை. ஜூலை மாதப் புழுக்கம். மாமா பையிலிருந்து குரங்குக் குல்லாவையும் கம்பளிக் கையுறையையும் எடுத்து மாட்டிக்கொண்டார். கடைக்காரர் மிரண்டுபோய், "அங்கிள்ஜி, தபியத் டீக் ஹை?" என்று உடம்பை விசாரித்து, ஃபேனை அவர் பக்கம் திருப்பிவிட்டார்.

முதலில் வந்தது பெரிய தொடுதிரை. மாமா கையுறையோடு குத்து குத்தென்று குத்தினார், அது அசையவில்லை. "குளிர்ல கையுறையைக் கழட்டிட்டு குழந்தை இதைத் தடவிண்டு நிப்பாளா? உள்ள வைக்கச் சொல்லு." அடுத்தது சார்ஜ் ஏற்றுகிற வகை. "எந்தப் பாறைலடா பிளக் பாயிண்ட் இருக்கு?" அதுவும் உள்ளே போயிற்று. மூன்றாவது பட்டன் வைத்தது, பென்சில் செல் போடுகிறது, பார்க்கக் கட்டைகுட்டையாக இருந்தது. கையுறையோடு அழுத்தினார், வேலை செய்தது. கடை இருக்கும் இடத்தை அதில் பதிவு செய்யச் சொல்லிவிட்டு, "நீ இங்கயே இரு. நான் போய்த் தொலைஞ்சுட்டு வரேன்" என்று படியிறங்கிவிட்டார்.

கடைக்காரர் என்னைப் பணயக்கைதியாக உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டாவது டீயும் ஆறிப்போன பிறகு, குல்லாவைக் கழற்றாமலே, வியர்வை சொட்டச் சொட்ட மாமா வந்து நின்றார்.

"ஒவ்வொரு முக்குலயும் என்னோட சண்டைடா! நான் வலதுங்கறேன், இது இடதுங்கறது. எவ்வளவு அதட்டிப் பார்த்தேன், மசியலையே!" பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "எனக்கே அடங்கலை. நம்ம குழந்தைக்கு இதுதான். பேக் பண்ணச் சொல்லு."

அந்த மனிதர் தோல்வியை ஒப்புக்கொண்டு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அந்த ஊர் வரைபடத்தை அதில் ஏற்றிக்கொண்டு நித்யா போய்ச் சேர்ந்தாள். குளிர் ஆரம்பித்த சமயம், ஒருநாள் போன்.

"அப்பா, பதறாதே, இப்ப ஹாஸ்டல்ல இருக்கேன். மத்தியானம் மலைல ஒரே மூட்டம்ப்பா, நீட்டின கை தெரியலை. நானும் இன்னொரு பொண்ணும்தான். பாதை ரெண்டாப் பிரியறது. ஜி.பி.எஸ். இடதுங்கறது. அவ வலதுதான்னு அழறா."

"அப்புறம்?"

"மூணாவது ஆளைக் கேக்கணுமே? மனசுக்குள்ள ரூட் மாமாவைக் கேட்டேன். அவர் வலதுன்னார். அவ்வளவுதான், யோசிக்கவே இல்லை. அவ கையைப் பிடிச்சு இழுத்துண்டு இடது பக்கம் இறங்கிட்டேன். நேரா ரோட்டுக்கு வந்துட்டோம். வலது பக்கம் பெரிய பள்ளமாம்ப்பா, ஊர்க்காரா அப்புறம்தான் சொன்னா."

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி மேலே ஓடினேன். மூட்டத்தில் வழி தெரியாமல் நின்றபோது குழந்தை உங்களைத்தான் கேட்டாளாம் என்றேன். மாமா பேப்பரை மடித்து வைத்தார்.

"என்னையாடா கேட்டா?"

"உங்களைத்தான் மாமா. அதனாலதான் பத்திரமா வந்து சேர்ந்தா."

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், தெரியாத தெருவில் முதல் அடி வைக்கிற அதே மிடுக்கோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வலதுதானே திரும்பினா?"

"வலதுதான் மாமா" என்று சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.