ஒரே வீட்டுக்கு எத்தனை நம்பர்?

"நாம மட்டும்னா..." என்று அவள் ஆரம்பித்தது போன ஞாயிற்றுக்கிழமை.

"அம்மாவை விட்டுட்டா? நான் ஒரு நாள் கண்ணுல படலைன்னா அவங்களுக்குத் தொண்டையில தண்ணி இறங்காது, தெரியுமா?" என்று கணவன் பாய்ந்தான்.

"இல்லைங்க, நாம மட்டும்னா சின்ன வீடே போதும், மூணு பேருன்னா பெருசா பார்க்கணும்னு சொல்ல வந்தேன்."

எட்டு வருடமாக அவள் அந்த வாக்கியத்தை ஆரம்பிப்பதும், இப்படி வேறு வாலை ஒட்டி முடிப்பதுமாகவே இருந்தது.

சரி, வாடகைக்குப் பெரிய வீடே கிடைத்தது. வீட்டின் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தார். இன்று பதினோரு மணிக்கு அவரோடு வீடியோவில் பேச வேண்டும். தவறினால் வீடு அடுத்தவர்களுக்கு. வரிசையில் இன்னும் நான்கு குடும்பங்கள் நின்றன.

இப்போது மணி பத்து பத்து. அவளுடைய லேப்டாப் கணவன் மடியில் இருந்தது. காலையில் ஒத்திகை பார்த்தபோது படம் ஒரே ஒரு முறை நின்று நகர்ந்தது. "கொஞ்சம் திக்குதுங்க" என்று அவள்தான் வாயைக் கொடுத்தாள்.

அவனுக்குப் பெயின்ட் கம்பெனியில் கொள்முதல் வேலை. போன மாதம் ஆபீசில் 'ஆரம்பநிலையினருக்கு நெட்வொர்க்' என்று ஒரு நாள் வகுப்பு நடத்தினார்கள். சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு அவன் தூங்கியிருக்க வேண்டும் என்பது அவள் கணிப்பு. இருந்தும் சான்றிதழை ஃபிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டியாயிற்று. அன்றிலிருந்து அவள் மனதுக்குள் அவனுக்கு 'நிபுணர்' என்று பெயர். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். தினம் நாற்பது பேரின் உள்ளே பார்ப்பவளுக்கு இந்த ஒரு மண்டைக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் பிடிபட்டதில்லை.

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்றார் நிபுணர். "உன் லேப்டாப் நம்பர் ஏழு. என் போன் நாலு. டிவி ஒன்பது. இதான் ஐ.பி. அட்ரஸ், கதவு நம்பர் மாதிரி. ஒரே வீட்டுக்குள்ள ஆளுக்கொரு கதவு நம்பர் இருந்தா தபால்காரர் குழம்ப மாட்டாரா?"

"ஆளுக்கொண்ணு இருந்தாத்தானே எது யாருக்குன்னு அவருக்குத் தெரியும்?"

"இதுக்குத்தான் வகுப்புக்குப் போகணும்கிறது."

மூன்றுக்கும் நாலாம் நம்பரையே போட்டார். லேப்டாப் உள்ளே வந்தால் போன் வெளியே விழுந்தது. போன் வந்தால் டிவி விழுந்தது. ஒரே நாற்காலியில் மூன்று பேர் உட்காரப் பார்ப்பது போல ஒன்றையொன்று தள்ளின.

"அடிச்சுக்குதுங்களே?"

"தலைவர் சரியில்லை, அதான்." சுவரோரம் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த ரௌட்டரை நிபுணர் காட்டினார். "வெளியே போறது எல்லாம் இவர் வழியாத்தான். இவர்தான் நம்ம வாசக்கதவு. நம்பர் ஒண்ணு. அதையே எல்லாருக்கும் குடுத்துடறேன்."

"எல்லாருமே வாசக்கதவா நின்னா யாருங்க வெளியே போறது?"

நிபுணர் மூன்றிலும் ஒன்றாம் நம்பரைத் தட்டினார். லேப்டாப், போன், டிவி மூன்றுமே ஒரே நேரத்தில் மூச்சை நிறுத்தின.

பத்து நாற்பதுக்கு நிபுணர் ஓர் ஊக்கைக் கேட்டு வாங்கி ரௌட்டரின் முதுகிலிருந்த சின்ன ஓட்டையில் குத்தினார். எண்ணிப் பத்து விநாடி. ரௌட்டர் அப்போதுதான் பிறந்த குழந்தையாகிவிட்டது. பெயர் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது, வீட்டில் ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை.

"இப்ப சுத்தமாயிடுச்சு" என்றார்.

"ஆமாங்க. சுத்தமாப் போயிடுச்சு."

அவளுக்குக் கண் கலங்கியது. போனில் பேசலாமென்றால் இந்த வீட்டுக்குள் சிக்னல் எட்டிப் பார்த்ததே இல்லை. மாடிக்கு ஓடினால் குரல் போகும், படம் போகாது. அந்த நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. தோளில் பையுடன் ஒரு பெண் நின்றாள், நெட் கம்பெனி டெக்னீஷியன்.

"வயசான அம்மா ஒருத்தங்க கூப்பிட்டாங்க."

"நான்தான்" என்று மாமியார் உள்ளேயிருந்து வந்தார். "இவன் லேப்டாப்பை மடியில வச்சதுமே மாடிக்குப் போய் போன் பண்ணிட்டேன்."

டெக்னீஷியன் லேப்டாப்பைப் பார்த்தாள். புருவம் ஏறியது. "ரௌட்டர் நம்பரையே இதுக்கும் போட்டது யாரு?"

நிபுணர் மின்விசிறியை ஆராய்ந்தார். "அதுவா ஆயிருக்கும்."

"அதுவா ஆகாது சார். இதுக்கு யாராவது உக்காந்து மெனக்கெடணும்."

டெக்னீஷியன் ரௌட்டருக்குப் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தாள். பிறகு ஒவ்வொன்றிலும் 'தானாக' என்ற இடத்தைத் தட்டினாள். ரௌட்டரே லேப்டாப்புக்கு ஒன்று, போனுக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று என்று தனித்தனி நம்பர் பிரித்துக் கொடுத்தது. எந்தச் சான்றிதழும் இல்லாமல்.

பத்து ஐம்பத்தெட்டு. படம் திக்காமல் வந்தது. திரையில் வீட்டின் சொந்தக்காரர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "எத்தனை பேர் குடிவரப் போறீங்க?" என்று கேட்டார்.

"மூணு பேர் சார்" என்றார் நிபுணர், நெஞ்சை நிமிர்த்தி. "நான், என் மனைவி, எங்கம்மா. என்னை விட்டு அம்மா ஒரு நாள் இருக்க மாட்டாங்க."

"நாம மட்டும்னா..." என்று அவள் வாயைத் திறந்தாள்.

நாற்காலிக்குப் பின்னாலிருந்து மாமியாரின் முகம் கேமராவுக்குள் குனிந்தது.

"ரெண்டு பேர்னு எழுதிக்குங்க சார்... டேய், எட்டு வருஷமா கேக்கணும்னு இருக்கேன், வாய் வரலை. என்னைக் கொஞ்சம் தனியா இருக்க விட்டுட்டுப் போயேன்டா!"